150 இருக்கை, நான்கு தளம்: கேபிளிங் கொட்டேஷன் இரண்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

கோவை_சிஸ்டம்ஸ்

வணக்கம். கோவை அவினாசி சாலையில் அலுவலகத்துக்காக ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தரைத்தளம், மேலே மூன்று மாடி. ஒவ்வொரு தளமும் ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். மொத்தம் 150 இருக்கை. இன்டீரியர் வேலை இனிதான் தொடங்கும், ஃபால்ஸ் சீலிங் அடுத்த மாதம் ஏறும். அதற்குள் நெட்வொர்க் கேபிளிங்கை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. இரண்டுமே கேட் 6 யுடிபி (நான்கு முறுக்கு ஜோடி கொண்ட செம்பு நெட்வொர்க் கேபிள்). இருக்கைக்கு இரண்டு பாயிண்ட் (கேபிள் வந்து முடியும் இணைப்பிடம்) வீதம் 300, கேமரா, வைஃபை, பிரின்டர் எல்லாம் சேர்த்து 50, ஆக 350 பாயிண்ட். தளத்துக்கு ஒரு ரேக் (கேபிள்கள் வந்து சேரும் இரும்பு அலமாரி), படிக்கட்டை ஒட்டிய மூலையில்.

முதலாவது: பாயிண்டுக்கு 1,450 ரூபாய், மொத்தம் 5,07,500. கீழே சிறிய எழுத்தில், "20 மீட்டர் வரை. அதற்கு மேல் மீட்டருக்கு 65 ரூபாய். பேட்ச் பேனல், பேட்ச் கார்டு, ரேக் தனி. டெஸ்டிங் அடங்கும்."

இரண்டாவது: பாயிண்டுக்கு 2,750, நீளம் எவ்வளவானாலும். பேனல் (ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பலகை), இரண்டு முனைக்கும் பேட்ச் கார்டு (கருவியோடு இணைக்கும் சிறு கேபிள்), ஃப்ளூக் ரிப்போர்ட் (ஒவ்வொரு கேபிளையும் தரத்தோடு ஒப்பிட்டு அளந்த சான்று) உட்பட. மொத்தம் 9,62,500. நான்கு ரேக், டிரே, ஃபைபர், எர்த்திங்குக்குத் தனியாக 2,40,000.

இரண்டிலும் ஜிஎஸ்டி சேரவில்லை. நிர்வாகம் முதலாவதையே எடுக்கச் சொல்கிறது. பாதி விலையில் முடியும் வேலைக்கு ஏன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அளவுநாடா

சார், முதலாவது பாதி விலையில் முடியாது. அந்தச் சிறிய எழுத்தில்தான் மீதி விலை இருக்கிறது.

முதலில் சராசரி நீளத்தைக் கண்டுபிடியுங்கள். கேபிள் குறுக்கே போகாது. சுவரோரமாக, டிரே வழியாக, செங்கோணத்தில் திரும்பித்தான் போகும். ரேக் மூலையில் இருந்தால் எதிர் மூலை இருக்கைக்கு 30 + 14 = 44 மீட்டர். ரேக்கிலிருந்து சீலிங்குக்கு ஏறவும், இருக்கையில் இறங்கவும் 6 மீட்டர். ஆக மிகத் தொலைவு 50. மிக அருகில் இருக்கும் பாயிண்ட் 8 மீட்டர் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதி 29. தூண், பீம் சுற்றிப் போவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 32. இரு முனையிலும் விடும் உபரிக்கு 3 மீட்டர். சராசரி 35.

அவர் கொடுத்திருப்பது 20. மீதி 15 மீட்டருக்கு 65 ரூபாய் வீதம் பாயிண்டுக்கு 975 கூடும். 350 பாயிண்டுக்கு 3,41,250 ரூபாய், வேலை முடிந்து பில் வரும்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து, அவர் விட்டுவைத்த பொருட்கள். 24 போர்ட் பேனல் சுமார் 4,200, பாயிண்டுக்கு 175. ரேக் பக்கம் 1 மீட்டர், இருக்கைப் பக்கம் 2 மீட்டர் பேட்ச் கார்டு, இரண்டும் சேர்ந்து 350. "டெஸ்டிங் அடங்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது விளக்கு எரியும் சின்ன டெஸ்டர்தான். ஃப்ளூக் போன்ற கருவியில் அளக்கும் சர்டிஃபிகேஷன் டெஸ்ட் வேண்டுமென்றால் பாயிண்டுக்கு இன்னும் 80.

1,450 + 975 + 175 + 350 + 80 = 3,030. 350 பாயிண்டுக்கு 10,60,500. இரண்டாவது கொட்டேஷனைவிட 98,000 ரூபாய் அதிகம், ரேக் இன்னும் சேரவில்லை.

நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கூடவே இரண்டு பேரிடமும் ஒரே பிஓகியூ (பொருள், அளவு, விலைப் பட்டியல்) படிவத்தை நீங்களே தயாரித்துக் கொடுத்து, அதில் விலை நிரப்பச் சொல்லுங்கள். அவரவர் படிவத்தில் வாங்கினால் ஒப்பிடவே முடியாது.

ரேக்_மதுரை

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் இரண்டாவது கொட்டேஷனையும் அப்படியே ஏற்கக் கூடாது. விலை நியாயம்தான், எண்ணிக்கையும் ரேக் வைக்கும் இடமும்தான் தவறு. பணம் இங்கேதான் வீணாகிறது.

இருக்கைக்கு இரண்டு பாயிண்ட் என்பது மேசை ஃபோனுக்குத் தனி வயர் போன காலத்துப் பழக்கம். இப்போது ஐபி ஃபோனிலேயே கம்ப்யூட்டருக்கு இரண்டாவது போர்ட் இருக்கிறது. பல அலுவலகங்களில் மேசை ஃபோனே இல்லை. இருக்கைக்கு ஒன்று, நான்கு இருக்கைக்கு ஒரு உபரி என்று போடுங்கள். 150 + 38 = 188. மிச்சமாகும் பணத்தை வைஃபைக்குத் திருப்புங்கள். உங்கள் தளம் 420 சதுர மீட்டர். தளத்துக்கு நான்கு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை கருவி), ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேபிள், ஆக 32. கேமரா 20, கதவு ஆக்சஸ் 8, பிரின்டர் 6, ஐந்து மீட்டிங் அறைக்கு மும்மூன்று வீதம் 15. மொத்தம் 269. உங்கள் கணக்கில் 81 குறைகிறது, ஆனால் வைஃபைக்குக் கேபிள் தாராளமாக இருக்கும்.

அடுத்தது ரேக். படிக்கட்டு மூலையை விட்டுவிட்டு 30 மீட்டர் சுவரின் நடுவில் ஒரு சிறிய அறை ஒதுக்குங்கள். மிகத் தொலைவு 15 + 14 + 6 = 35 ஆகிவிடும். அருகில் இருப்பது 6. பாதி 20.5, பத்து சதவீதமும் உபரியும் சேர்த்து 25 அல்லது 26 மீட்டர். கேபிள் வரும் 305 மீட்டர் பெட்டி ஒன்றில் மூலை ரேக்குக்கு 8 பாயிண்ட் வரும், நடு ரேக்குக்கு 12 வரும். நீளமானவற்றை முதலில் இழுத்துவிட்டு, பெட்டியில் மிஞ்சும் துண்டுகளில் அருகில் உள்ளவற்றை முடித்தால்தான் இந்த 12 கைகூடும். கண்டபடி இழுத்தால் பெட்டிக்கு 20 மீட்டர் குப்பைக்குப் போகும்.

நான்கு தளத்துக்கு நான்கு ரேக் தேவையே இல்லை. முதல் மாடி ரேக் தரைத்தளத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும், இரண்டாம் மாடி ரேக் மூன்றாம் மாடியையும் பார்க்கட்டும். தரைத்தளத்தில் ரேக் வைத்தால் மழைநீர் பயம், மொட்டைமாடிக்குக் கீழே வைத்தால் வெயில். நடு இரண்டு தளமும் பாதுகாப்பு. பக்கத்துத் தளத்துக்குப் போகும் 134 கேபிளுக்குத் தலா 4 மீட்டர் கூடும். மொத்தம் 536 மீட்டர், இரண்டு பெட்டிக்கும் குறைவு. அதற்குப் பதிலாக இரண்டு ரேக், இரண்டு யூபிஎஸ், அவற்றுக்கான ஃபைபர் முனைகள், அரைகுறையாக நிரம்பும் இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாம் மிச்சம். பேட்டரி மாற்றும் செலவும் பாதி.

பெட்டிக் கணக்கு: ரேக் உள்ள தளங்களில் 135 பாயிண்டுக்கு 12 பெட்டி. மற்ற தளங்களில் பெட்டிக்கு 10 பாயிண்ட் வீதம் 134க்கு 14 பெட்டி. மொத்தம் 26. இப்போதைய கொட்டேஷன்படி 350 பாயிண்டை 8ஆல் வகுத்தால் 44 பெட்டி. பதினெட்டுப் பெட்டி சீலிங்குக்கு மேலே வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கப் போகிறது.

ஒரு பாயிண்டின் விலையை இப்படிப் பிரிக்கலாம். நடுத்தர பிராண்டு, ஒப்பந்ததாரர் லாபம் சேர்த்து. செம்பு விலையோடு கேபிள் விலை ஆடும் என்பதால் இதை ஒரு சட்டகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள், பெட்டி 8,000 என்று எடுத்தால், 770. ஐஓ ஜாக் (இருக்கைப் பக்கச் சாக்கெட்) 180. ஃபேஸ் பிளேட்டும் (ஜாக்கின் முகப்புத் தகடு) அதன் பின்பெட்டியும் 120. பேனல் பங்கு 175. பேட்ச் கார்டு இரண்டும் 350. இறங்கும் பைப், வளைவு, கிளாம்ப் 300. இழுப்புக் கூலி, மீட்டருக்கு 12 வீதம், 325. இரு முனை பஞ்சிங் (கம்பிகளை ஜாக்கிலும் பேனலிலும் அழுத்திப் பொருத்துவது), லேபிள் 100. டெஸ்ட் 80. கூட்டினால் 2,400.

269 பாயிண்டுக்கு 6,45,600. இதோடு 42யூ (யூ என்பது ரேக்கின் உயர அலகு) ரேக் ஒன்று, 27யூ ஒன்று, இரண்டும் 68,000. தளத்துக்கு 28 மீட்டர் வீதம் 112 மீட்டர் ஜிஐ டிரே, சப்போர்ட்டோடு 56,000. இரண்டு ரேக்குக்கும் நடுவில் ஃபைபர் 12,000. எர்த்திங், கோர் கட்டிங் (ஸ்லாபில் துளை போடுவது), துளை அடைப்பு 24,000. மொத்தம் 8,05,600. 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஒன்பதரை லட்சம். இரண்டாவது கொட்டேஷன் ஜிஎஸ்டியோடு 14.19 லட்சம்.

ஃபைபர் பற்றி ஒன்று. இரண்டு ரேக்குக்கும் இடையே பத்து மீட்டர்தான் இருக்கும். அதற்கு 24 கோர் கேபிள், இரண்டு எல்ஐயு (ஃபைபர் முனைப் பெட்டி), பிக்டெயில் (முனை போட்ட சிறு ஃபைபர்), ஸ்ப்ளைசிங் (ஃபைபரை உருக்கி ஒட்டுவது) என்று போவது வீண். தொழிற்சாலையிலேயே முனை போட்டு வரும் 20 மீட்டர் சிங்கிள் மோட் எல்சி கேபிள் நான்கு வாங்கி, பைப்புக்குள் விட்டால் போதும். ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்கு, இரண்டு உபரி. செம்பிலும் இணைக்கலாம், நீளம் குறைவுதான். ஆனால் இரண்டு ரேக்கும் வெவ்வேறு யூபிஎஸ்ஸில் இருக்கும். இடி விழும்போதும் எர்த் வித்தியாசத்திலும் ஒன்றில் ஏற்படும் சேதம் செம்பு வழியாக மற்றதுக்குத் தாவும், ஃபைபரில் தாவாது.

தூயசெம்பு

விலை பேசியாயிற்று, பொருள் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாயிண்டுக்கு 1,450 என்பவர் எந்தக் கேபிள் போடுவார் என்று கேளுங்கள். சந்தையில் சிசிஏ என்று ஒன்று கிடைக்கிறது. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பெட்டியில் கேட் 6 என்றுதான் அச்சிட்டிருக்கும். கேட் 6 தரத்துக்குக் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். சிசிஏ அந்தத் தரத்திலேயே சேராது.

கண்டுபிடிக்க மூன்று வழி. கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். எடை பாருங்கள். 23 கேஜ் (கேஜ் என்பது கம்பித் தடிமன் அளவு) கேபிளின் 305 மீட்டர் பெட்டியில் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். சிசிஏ பெட்டி அதைவிட மூன்று கிலோ குறைவாக, தூக்கும்போதே இலேசாகத் தெரியும். மூன்றாவது மல்டிமீட்டர். 50 மீட்டர் கேபிளில் ஒரு ஜோடியின் ஒரு முனையை முறுக்கிச் சேர்த்து மறுமுனையில் அளந்தால் 23 கேஜ் செம்பு 7 ஓம் அளவு காட்டும், 24 கேஜ் 8.5 ஓம். பத்தைத் தாண்டினால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

சிசிஏவில் என்ன கெடும் என்றால், முதலில் ஒன்றும் கெடாது. கம்ப்யூட்டர் ஓடும், எல்லாரும் திருப்தியாக இருப்பார்கள். கேமராவுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம்) கொடுக்கும்போது மின்தடை அதிகம் என்பதால் மின்னழுத்தம் வழியிலேயே விழும். இரவில் ஐஆர் விளக்கு எரிந்ததும் கேமரா ரீஸ்டார்ட் ஆகும். பஞ்ச் செய்த இடத்தில் அலுமினியம் ஆக்சைடு பிடித்து, ஒரு வருடம் கழித்து லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். கட்டுக்கட்டாக ஓடினால் சூடும் ஏறும். அப்போது சீலிங்கைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

டெஸ்டிங்கும் அப்படியே. எட்டு விளக்கு வரிசையாக எரியும் டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஸ்ப்ளிட் பேரை, அதாவது ஒரு ஜோடியின் கம்பிகள் வெவ்வேறு முறுக்கில் போயிருப்பதை, அது காட்டாது. ஒருவர் 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடிகளை வரிசையாகப் போட்டு, மறுமுனையிலும் அதே வரிசையைப் போட்டால் எட்டு விளக்கும் சரியாக எரியும். ஆனால் 3, 6 இரண்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டியவை. அவை வெவ்வேறு முறுக்கில் போய், ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும். அந்த இரைச்சலை அளப்பது சர்டிஃபிகேஷன் டெஸ்டர்தான். இரண்டு முனையிலும் 568பி வரிசை (கம்பி நிறங்களைப் பொருத்தும் ஒழுங்கு) என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஃப்ளூக் ரிப்போர்ட் வாங்கும்போது பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள். லிங்க்வேரில் (ஃப்ளூக்கின் மென்பொருள்) திறக்கக்கூடிய மூலக் கோப்பைக் கேளுங்கள். அதில் ஐந்து விஷயம் பாருங்கள். லிமிட்டாக கேட் 6 பெர்மனன்ட் லிங்க் (பேட்ச் கார்டு சேராத நிலையான பகுதி) தேர்ந்தெடுத்திருக்கிறார்களா. சேனல் (பேட்ச் கார்டும் சேர்ந்தது) என்று வைத்து அளந்தால் விதி தளரும், மோசமான லிங்க்கும் பாஸ் ஆகிவிடும். கருவியின் காலிப்ரேஷன் தேதி ஓராண்டுக்குள் இருக்கிறதா. இரண்டு லேபிளுக்கு நீளமும் இரைச்சல் அளவும் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருக்கிறதா. இருந்தால் ஒரே லிங்க்கைப் பல பெயரில் அளந்திருக்கிறார்கள். நேரக்குறிப்பில் அடுத்தடுத்த சோதனைகள் நம்ப முடியாத வேகத்தில் இருக்கின்றனவா. நட்சத்திரக் குறியோடு வரும் பாஸ் எத்தனை. அது விளிம்பில் நிற்கும் லிங்க், ஜாக்கைத் திரும்பப் பஞ்ச் செய்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலான ஃபெயில் ஜாக்கில்தான் நடக்கும். ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. பல பேர் வேலை சுலபம் என்று இரண்டு அங்குலம் பிரிக்கிறார்கள்.

மின்வழி

ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு மட்டும் கேட் 6ஏ (கேட் 6க்கு அடுத்த தரம்) போடுங்கள் என்று நான் சொல்வேன். 32 கேபிள்தானே. வருங்கால ஆக்சஸ் பாயிண்டுகள் 10 ஜிபிபிஎஸ் போர்ட்டோடு வருகின்றன, பிஓஇயும் 60, 90 வாட் என்று ஏறுகிறது. 6ஏ 500 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கப்பட்டது, 100 மீட்டர் முழுக்க 10 ஜி தாங்கும்.

ரேக்_மதுரை

உங்கள் கருத்து பெரிய தளத்துக்குச் சரி. இந்தக் கட்டடத்தில் மிகத் தொலைவே 40 மீட்டரைச் சுற்றித்தான். கேட் 6இல் 10 ஜி நல்ல சூழலில் 55 மீட்டர், கேபிள்களை நெருக்கமாகக் கட்டிய கட்டுக்குள் 37 மீட்டர் வரை போகும். ஆக்சஸ் பாயிண்ட் சீலிங்கிலேயே நிற்பதால் இருக்கைக்கு இறங்கும் நீளமும் அதற்கு இல்லை. அந்த 32 கேபிளை மற்றவற்றோடு இறுக்கிக் கட்டாமல் டிரேயில் தனியாக விட்டாலே போதும். 2.5 ஜி, 5 ஜி இரண்டும் 2016இல் வந்த தரத்தின்படி கேட் 6இல் தாராளமாக ஓடும். 6ஏ ஏழரை மில்லிமீட்டர் தடிமன்; ஜாக், பேனல், பைப் எல்லாம் சேர்ந்து ஏறும்.

மின்வழி

நீளக் கணக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் மாடியை மட்டும் தனியாகப் பாருங்கள். மொட்டைமாடிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் கோடையில் 50 டிகிரி சாதாரணம். 20 டிகிரிக்கு மேல் 40 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் யுடிபியின் சிக்னல் இழப்பு 0.4 சதவீதமும், 40க்கு மேல் 0.6 சதவீதமும் கூடும். 50 டிகிரியில் 14 சதவீதம். சாதாரண இருக்கைக் கேபிளுக்கு இது பொருட்டில்லை. அதிக வாட் பிஓஇ ஓடும் கேபிளுக்கு, கட்டின் உள்சூடும் சேர்ந்துகொள்ளும். அந்த மாடியில் பிஓஇ கேபிள்களை 24க்கு மேல் ஒரே கட்டாகக் கட்ட வேண்டாம். நைலான் டை வேண்டாம், வெல்க்ரோ போடுங்கள். நைலானை இறுக்கினால் உள்ளே முறுக்கின் வடிவமே நசுங்கிப் போகும்.

கோவை_சிஸ்டம்ஸ்

மிக்க நன்றி. 269 பாயிண்ட், இரண்டு ரேக் என்று திருத்தி இருவரிடமும் புதிய பிஓகியூ கேட்கப் போகிறேன். இரண்டு சந்தேகம்.

நடுச் சுவரில் லிஃப்டை ஒட்டி ஒரு எலக்ட்ரிக்கல் ஷாஃப்ட் (மின்கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறும் குழி) இருக்கிறது, இரண்டடிக்கு ஒன்றரை அடி. தளத்துக்குத் தளம் கேபிளை அதிலேயே விடலாமா? ஒரு ஒப்பந்ததாரர் அப்படிச் செய்தால் கோர் கட்டிங் மிச்சம் என்கிறார்.

இன்னொன்று, 25 மில்லிமீட்டர் பைப்பில் எட்டு கேபிள் போகும் என்கிறார். உண்மையா?

அளவுநாடா

எலக்ட்ரிக்கல் ஷாஃப்ட் வேண்டாம் சார். அந்த அளவில் மின்கேபிளிலிருந்து ஓரடி இடைவெளி விட முடியாது. இரண்டும் ஒட்டிக்கொண்டே ஓடினால் லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் இரைச்சல் ஏறும், லிங்க் பிழை எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். அதைவிட முக்கியம், எலக்ட்ரீஷியன் ஷாஃப்டைத் திறந்து வேலை செய்யும்போது உங்கள் கேபிள்கள் அவர் கையில் இருக்கும்.

ரேக் அறைக்குள்ளேயே ஸ்லாபில் 100 மில்லிமீட்டர் துளை இரண்டு போடுங்கள். பரப்பில் 40 சதவீதம் வரைதான் கேபிள் நிரப்பலாம் என்ற விதிப்படி ஒரு துளையில் நூறு கேபிள் போகும், உங்களுக்குத் தேவை 67. இரண்டாவது துளை ஃபைபருக்கும் எர்த் வயருக்கும் பின்னால் வரும் தேவைக்கும். கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியும், அவருடைய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குறித்துக் கொடுத்த இடமும் இல்லாமல் துளை போட விடாதீர்கள். பீமில் கண்டிப்பாகக் கூடாது. போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் என்றால் உள்ளே இழுத்துக் கட்டிய இரும்பு வடம் இருக்கும், அதை அறுத்தால் விளைவு மோசம். கேபிள் போன பிறகு துளையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். திறந்த துளை ஒரு தளத்துப் புகையை அடுத்த தளத்துக்கு ஏற்றிவிடும். இதையும் பிஓகியூவில் தனி வரியாகப் போடுங்கள், இல்லையென்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

எட்டு கேபிள் போகும், தள்ளினால். ஆனால் போகக் கூடாது. 25 மில்லிமீட்டர் பைப்பின் உள்விட்டம் 21 அளவு, பரப்பு 346 சதுர மில்லிமீட்டர். 40 சதவீதம் 138. கேட் 6 தடிமன் 6.2 என்றால் ஒன்றின் பரப்பு 30. நான்கு கேபிள்தான் கணக்கு. எட்டைத் திணித்து இழுக்கும்போது 110 நியூட்டன் என்ற இழுப்பு எல்லை தாண்டும், சுமார் 11 கிலோ. அதற்கு மேல் இழுத்தால் உறை நீளும், முறுக்கு தளரும். வெளியே எதுவும் தெரியாது. ஃப்ளூக் போடும்போது ரிட்டர்ன் லாஸ் (சிக்னல் எதிரொலித்துத் திரும்புவது) ஃபெயில் என்று வரும், அப்போது ஜாக்கை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகாது.

பைப்பில் இரண்டு 90 டிகிரி வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு புல் பாக்ஸ் (கேபிளை இடையில் எடுத்து இழுக்கும் பெட்டி) வையுங்கள். கேபிள் வளைவின் ஆரம் தடிமனைப்போல் நான்கு மடங்கு, அதாவது 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதனால் எல்போ (சட்டென்று திரும்பும் மூட்டு) வேண்டாம், பெண்ட் (மெல்ல வளையும் துண்டு) போடச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் சில ரூபாய். ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள், நாளைக்கு ஒரு பாயிண்ட் கூட வந்தால் அதைக் கட்டி இழுக்கலாம்.

டிரேயும் இதே கணக்குத்தான். 100க்கு 50 மில்லிமீட்டர் டிரேயில் 66 கேபிளோடு நிரப்பு எல்லை முடிந்துவிடும், உங்கள் ஒரு தளமே 67. 150க்கு 50 போடுங்கள், நூறு வரை இடம் இருக்கும். மேசை வரிசைக்குள் வரும் ரேஸ்வேயில் மின்வயருக்கும் டேட்டாவுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா என்று ஃபர்னிச்சர்காரரிடம் இப்போதே கேளுங்கள். மேசை வந்து இறங்கிய பிறகு தடுப்பு இல்லையென்று தெரிந்தால் வேறு வழியே இருக்காது.

தூயசெம்பு

பணம் கொடுக்கும் முறையையும் இப்போதே எழுதிவிடுங்கள். முன்பணம் 30, பொருள் இறங்கியதும் 40, ரிப்போர்ட் கோப்பு வந்ததும் 20, லேபிளோடு கூடிய இறுதி வரைபடம் கையில் கிடைத்ததும் 10. கடைசிப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் வரைபடம் வரவே வராது. பொருள் இறங்கிய அன்று எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் நீங்களே எடுத்துச் சுரண்டிப் பார்க்கும் உரிமை உண்டு என்றும் எழுதுங்கள்.

உற்பத்தியாளர் தரும் 20, 25 ஆண்டு உத்தரவாதம் பற்றி ஒப்பந்ததாரர் சொன்னால், கேபிள், ஜாக், பேனல், பேட்ச் கார்டு நான்கும் ஒரே பிராண்டாக இருக்கிறதா, அந்த நிறுவனம் அங்கீகரித்த ஆள்தானா என்று பாருங்கள். கேபிள் ஒரு பிராண்டு, ஜாக் வேறு பிராண்டு என்றால் அந்தத் தாளே கிடைக்காது. கிடைக்கும் என்றால் சான்றிதழ் உங்கள் கட்டட முகவரியில், உற்பத்தியாளரிடமிருந்து நேராக வர வேண்டும்.

நீளத்தில் சண்டை வந்தால் கேபிள் உறையைப் பாருங்கள். மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ரேக் முனையில் ஒரு எண், இருக்கை முனையில் ஒரு எண், கழித்தால் நீளம். பத்துப் பாயிண்ட் இப்படிப் பார்த்தாலே பில் உண்மையா என்று தெரிந்துவிடும்.

ரேக்_மதுரை

லேபிள் முறை ஒன்றை நீங்களே கொடுங்கள், அவர்களிடம் விடாதீர்கள். தளம், பேனல், போர்ட்: மா2-பே3-17. இதே எழுத்து ஃபேஸ் பிளேட்டிலும், பேனலிலும், கேபிளின் இரு முனையிலும், ஃப்ளூக் கோப்பிலும் இருக்க வேண்டும். ரேக்கில் பேனலுக்கு ஒரு கேபிள் மேனேஜர் வையுங்கள். ஆறு பேனல், ஆறு மேனேஜர், மூன்று ஸ்விட்ச், பிடியு (ரேக்குக்கான பவர் சாக்கெட் வரிசை), ஃபைபர் எல்லாம் 17யூவில் அடங்கும்; 27யூ ரேக்கில் யூபிஎஸ்ஸுக்கும் இடம் மிஞ்சும். ரேக்கின் உடலை 6 சதுர மில்லிமீட்டர் பச்சை செம்பு வயரால் கட்டடத்தின் எர்த் பாரில் இணைக்க வேண்டும், பவர் சாக்கெட்டின் மூன்றாவது பின் போதாது.

வேலை வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பலர் எல்லாம் மூடிய பிறகு டெஸ்ட் செய்கிறார்கள். கேபிள் இழுத்து, ஜாக் பஞ்ச் செய்து, சீலிங் திறந்திருக்கும்போதே ஃப்ளூக் போட வேண்டும். 269இல் ஐந்தாறு ஃபெயில் வருவது சாதாரணம். திறந்திருந்தால் அரை நாளில் மாற்றுக் கேபிள் இழுத்துவிடலாம். ஜிப்சம் மூடும் தேதியை இன்டீரியர்காரரிடம் எழுத்தில் வாங்கி, அதற்கு நான்கு நாள் முன்னால் டெஸ்ட் முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள்.